மடிக்கணினிக்கு எத்தனை வயது?

வெளிநாட்டு இணையச் சந்தைகளில் தள்ளுபடி மடிக்கணினிக்கான விளம்பரம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கும். கோர் ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குலத் திரை, ‘கிரேடு ஏ’. பக்கத்தில் குறுக்கே கோடு போட்ட பழைய விலை, அதற்குக் கீழே பாதிக்கும் குறைவான புது விலை. இந்த எண்களை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். இவற்றில் எதுவும் காலத்தால் மாறுவதில்லை. 16 ஜிபி ரேம் நான்கு வருடத்தில் 15 ஜிபி ஆகிவிடாது. 14 அங்குலத் திரை சுருங்காது. பிராசசரின் பெயர் தேயாது. ஒரு மடிக்கணினியில் தேய்கிற பொருட்கள் வேறு: பேட்டரியின் வேதியியல், எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நினைவுச் செல்கள், பிராசசரின் சூட்டை வாங்கிக் கடத்தும் பசை, காற்றாடியின் அச்சு. விளம்பரத்தில் இவற்றுக்கு இடமே இருக்காது. ‘கிரேடு ஏ’ என்பதுகூட மேல்மூடியில் கீறல் உண்டா, விசைகளில் எழுத்து அழிந்திருக்கிறதா என்பதையே பெரும்பாலும் சொல்கிறது. விற்பவர் குறைத்துத் தரும் தொகையில் பெரும்பங்கு, நமக்குக் காட்டாத இந்தத் தேய்மானத்துக்கான விலை. ஆனால் அந்தத் தேய்மானம் ரகசியமாக இருந்தே தீரவேண்டும் என்று விதி ஏதும் இல்லை. மடிக்கணினி தன் வயதைத் தானே கணக்கெழுதி வைத்துக்கொள்ளும் இயந்திரம். பணம் கட்டுமுன் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும்.

விலை குறைவு என்றாலே மோசடி என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய அலுவலகங்கள் மடிக்கணினிகளை மூன்று நான்கு வருடக் குத்தகைக்கு எடுக்கின்றன. தவணை முடிந்ததும் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் திரும்பி வரும். அவற்றை மொத்தமாக வாங்கித் துடைத்து, சோதித்து, சில்லறையாக விற்பது நேர்மையான, பெரிய தொழில். இதோடு 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனதும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும். அதற்கு முந்தியவை அலுவலகங்களிலிருந்து கும்பலாக வெளியேறுகின்றன. அவற்றின் விளம்பரங்களில்தான் ‘ஐ7’ என்ற இரண்டு எழுத்து பெரிய வேலை செய்கிறது. 2011இல் வந்த ஐ7-2620எம் இரண்டே கோர்கள் கொண்டது, 35 வாட் சூடு கக்குவது. 2022இல் வந்த ஐ3-1215யு ஆறு கோர்கள் கொண்டது, அடிப்படை அளவு 15 வாட். பெயரில் ஏழு என்று இருப்பது, மூன்று என்று இருப்பதைவிடப் பல மடங்கு பின்தங்கியது. ஆகவே ‘ஐ7’க்குப் பிறகு வரும் நான்கைந்து இலக்கங்களை விற்பவர் எழுதவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு நேரம் செலவிடத் தேவையில்லை.

இனி பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரியை 1991இல் சோனி முதன்முதலாக வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, மறுபக்கத்தில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். இந்தப் போக்குவரத்து சேதாரம் இல்லாமல் நடந்தால் பேட்டரிக்கு முதுமையே கிடையாது. நடப்பது வேறு. முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதையாமல் காப்பது இந்தப் படலம்தான். அது இல்லாமல் பேட்டரி வேலை செய்யாது. ஆனால் அந்தப் படலம் கட்டப்படுவதே லித்தியத்தைத் தின்றுதான். அயனிகள் உள்ளே நுழையும்போது கிராஃபைட் ஏறத்தாழ பத்து சதவீதம் உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் படலத்தில் விரிசல் விழ, விரிசலை அடைக்கப் புதுப் படலம் வளர, இன்னும் கொஞ்சம் லித்தியம் நிரந்தரமாகச் சிறைப்படுகிறது. போய்வரும் அயனிகளின் தொகை குறையக் குறைய பேட்டரியின் கொள்ளளவும் குறைகிறது. முந்நூறு முதல் ஐந்நூறு முழுச் சுற்றுகளில் கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு இறங்கும் என்பது சாதாரண மடிக்கணினி பேட்டரிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. ஆப்பிள் தன் மடிக்கணினிகளுக்கு ஆயிரம் சுற்று என்கிறது.

பலரும் கவனிக்காத இன்னொரு முதுமையும் உண்டு. அந்தப் படலம் வளர்வதற்கு பேட்டரியைப் பயன்படுத்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெட்டி பிரிக்காமல் கிடங்கில் கிடந்தாலும் வளரும். வேதிவினையின் வேகம் வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்பதை 1889இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் சமன்பாடாக எழுதினார். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று பொறியாளர்கள் கைக்கணக்காகச் சொல்வது இதைத்தான். பேட்டரித் துறையில் வழக்கமாகக் காட்டப்படும் கணக்கின்படி, பாதிக்கும் குறைவாகச் சார்ஜ் செய்து 25 டிகிரியில் வைத்த பேட்டரி ஒரு வருடத்தில் நான்கு சதவீதம் போல இழக்கிறது. முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. ‘விற்காமல் தங்கிய புத்தம் புது மாடல், பாதி விலை’ என்ற விளம்பரத்தை இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். மேல்மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படாமல் இருக்கலாம். மூன்று வருடம் ஒரு சூடான கிடங்கில் கிடந்த பேட்டரி புதிது ஆகாது. அதைவிட மோசமாக, சார்ஜ் முழுக்க வற்றி, செல்லின் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போயிருந்தால், உள்ளே இருக்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து.

பேட்டரி போனால் மாற்றிக்கொள்ளலாமே என்பது நியாயமான கேள்வி. உள்ளூரில் கிடைக்கும் மாடல் என்றால் மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சந்தையில் மட்டும் புழங்கும் மாடல் என்றால் பிரச்சினை விமானத்தில் தொடங்குகிறது. 2016 ஏப்ரல் முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றத் தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் அனுப்பினாலும் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்பது விதி. ஒரு செல் தீப்பற்றினால் அடுத்த செல்லுக்குத் தாவும், அந்தச் சூட்டை விமானத்தின் அணைப்பு வாயு அடக்காது என்பதே காரணம். மடிக்கணினிக்குள் பொருத்தப்பட்டு வரும் பேட்டரிக்கு இந்த விதிகள் இவ்வளவு கெடுபிடி இல்லை. விளைவு, மடிக்கணினி சுலபமாகக் கடல் தாண்டி வந்துவிடுகிறது, அதற்கான மாற்று பேட்டரி வர முடியாமல் தவிக்கிறது. 2018இல் வந்த திங்க்பேட் டி480 போன்றவை மறுவிற்பனைச் சந்தையில் இன்றும் மதிப்போடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் உள்ளே ஒன்று, வெளியே கையால் கழற்றி மாட்டும்படி ஒன்று என இரண்டு பேட்டரிகள். உலகெங்கும் ஏராளமாகப் புழங்கியதால் மாற்றும் எளிதில் கிடைக்கிறது.

எஸ்எஸ்டியின் தேய்மானம் வேறு மாதிரியானது, என் கணிப்பில் பயமும் குறைவாகவே தேவைப்படுவது. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில், ஒவ்வொரு செல்லும் எலெக்ட்ரான்களை அடைத்து வைக்கும் ஒரு சின்னஞ்சிறு அறை. அறையின் சுவர் சில நானோமீட்டர் தடிமனுள்ள மின்கடத்தாப் படலம். எழுதும்போதும் அழிக்கும்போதும் உயர் மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களை அந்தச் சுவர் வழியாகவே ஊடுருவச் செய்கிறார்கள். ஒவ்வொரு ஊடுருவலும் சுவரில் ஒரு சிறு காயம். ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைத்த பழைய வகை ஒரு லட்சம் முறை அழித்தெழுதத் தாங்கியது. இன்று ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கிறார்கள். அதற்கு எட்டு மின்னழுத்தப் படிகளைத் துல்லியமாகப் பிரித்தறிய வேண்டும், எனவே சில ஆயிரம் முறைக்கே சுவர் தளர்ந்துவிடுகிறது. கேட்கும்போது கலக்கமாக இருந்தாலும் கணக்குப் போட்டால் மனம் ஆறும். 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 300 டெராபைட் எழுதத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் இந்த அளவில்தான் இருக்கும். அலுவலக ஊழியர் ஒருவர் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினால் நான்கு வருடத்தில் 29 டெராபைட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, அசல் எஸ்எஸ்டி அப்படியே இருக்கும் அலுவலக மடிக்கணினியில் கவலைப்பட அதிகமில்லை. விற்பவர் அசலைக் கழற்றிக்கொண்டு பெயர் தெரியாத ஒன்றை மாட்டி, ‘1 டிபிக்கு உயர்த்தப்பட்டது’ என்று எழுதும்போதுதான் உஷாராக வேண்டும். நினைவகத்தின் கட்டுப்பாட்டுச் சில்லில் பொய் அளவை எழுதி வைக்க முடியும். அப்போது கணினி 1 டிபி என்றே காட்டும், உண்மையான இடம் நிரம்பியதும் புதுக் கோப்பு பழைய கோப்பின் மேலேயே எழுதப்படும், பிழைச் செய்தி எதுவும் வராது. இதைப் பிடிக்க உறுதியான வழி, தெரிந்த எண் வரிசையால் கடைசி பைட் வரை நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடுவது. அதைச் செய்ய எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. பொருள் கைக்கு வந்ததும் முதல் இரவே இதை ஓடவிட்டுவிட்டுத் தூங்கலாம்.

இப்போது அந்தக் கணக்குப் புத்தகம். மடிக்கணினி பேட்டரிக்குள் செல்கள் மட்டும் இல்லை, ஒரு சிறு அளவைச் சில்லும் இருக்கிறது. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் அது விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் என்ற கட்டளையை ஓட்டினால் அது எண்ணியதெல்லாம் ஒரு பக்கமாக வந்து விழும். அதில் மூன்று வரிகள் போதும்: ஆலையில் வைத்த கொள்ளளவு, இன்று முழுச் சார்ஜில் பிடிக்கும் கொள்ளளவு, இதுவரை ஓடிய சுற்றுகள். உதாரணமாக முதல் எண் 57,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 37,000, மூன்றாவது 410 என்றால், 65 சதவீதம் மிஞ்சிய பேட்டரி அது. மேக் கணினிகளில் கணினித் தகவல் பக்கத்திலேயே சுற்று எண்ணிக்கை இருக்கும். எஸ்எஸ்டிக்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் இப்படி ஒரு பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது, மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டது, உத்தரவாத ஆயுளில் எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது என்று தனித்தனி வரிகளில் சொல்லும். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டால் உத்தரவாதம் தொடங்கிய தேதி கிடைக்கும். நான்கு வருடம் முன்பு தொடங்கிய உத்தரவாதம், 410 சுற்று, சுமார் 8,000 மணி நேரம், 29 டெராபைட் என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால், ஒரு ஊழியர் மேசையில் வைத்து ஒழுங்காகப் பயன்படுத்திய கணினியின் வாழ்க்கை வரலாறு கண்முன் வந்துவிடுகிறது.

பதிவேட்டையே திருத்திவிட்டால் என்ன செய்வது? இந்த ஆட்சேபம் வலுவானது, நடந்தும் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் தொழில்நுட்பச் செய்தி நிறுவனமான ஹைஸே ஒரு மோசடியை வெளிக்கொண்டு வந்தது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள் பல, 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடித் தேய்ந்தவை. சியா என்ற மறையாக்க நாணயத்துக்காக ஓடிய கணினிப் பண்ணைகளிலிருந்து அவை வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அவற்றின் ஸ்மார்ட் பதிவேட்டில் மணிக்கணக்கைச் சுழியமாக்கியிருந்தார்கள். மாட்டிக்கொண்டது எப்படி? டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற இரண்டாவது பதிவேடு ஒன்று இருந்தது, அதில் பழைய மணிக்கணக்கு அப்படியே கிடந்தது. இந்தச் சம்பவம் பதிவேடுகள் பயனற்றவை என்று காட்டவில்லை. ஒரே ஒரு எண்ணை நம்பக்கூடாது, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கவேண்டும் என்று காட்டுகிறது. பேட்டரியின் சுற்றுகளை, எஸ்எஸ்டியின் மணிக்கணக்கை, உத்தரவாதத் தேதியை, மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பொய்யாக்குவது, மலிவு விலையில் ஒரு கணினியை விற்பவருக்குக் கட்டுப்படியாகாத உழைப்பு.

வாங்கியவர்கள் தரும் நட்சத்திரங்கள் போதாதா என்று கேட்கலாம். நட்சத்திரம் எப்போது தரப்படுகிறது என்று பாருங்கள். பார்சல் வந்து பிரித்து, திரை ஒளிர்ந்த மகிழ்ச்சியில், அந்த வாரமே. அது அளப்பது பொட்டலம் கட்டிய நேர்த்தியையும் வந்து சேர்ந்த வேகத்தையும். பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது என்பது மெல்லத் தெரியவரும்போது கருத்து எழுதும் ஆர்வமும் போயிருக்கும், திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருக்கும். கெடு முடியாவிட்டாலும், லித்தியம் பேட்டரி உள்ள பார்சலைக் கடல் தாண்டித் திருப்பி அனுப்ப ஆகும் செலவு பலரை அங்கேயே நிறுத்திவிடும். இந்த நிலைமைக்குப் பொருளாதாரத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது. ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின, நான்காவது இதழ்தான் ஏற்றது. 2001இல் அந்த வழியிலான ஆய்வுக்கே நோபல் கிடைத்தது. அவர் தர்க்கத்தை மடிக்கணினிக்குப் பொருத்திப் பார்க்கலாம். சந்தையில் பாதி 40,000 ரூபாய் பெறுமானமுள்ள நல்ல இயந்திரங்கள், மறுபாதி 16,000 மட்டுமே பெறுபவை. பிரித்தறிய முடியாத வாங்குபவர் நடுவாந்தரமாக 28,000தான் தர முன்வருவார். அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் நல்ல இயந்திரம் வைத்திருப்பவர் ஒதுங்குவார். மிஞ்சுவது மோசமானவை. சந்தை கெடுவதற்கு யாரும் பொய் சொல்லவேண்டிய தேவைகூட இல்லை, ஒரு பக்கத்துக்குத் தெரிந்தது மறுபக்கத்துக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

பதிவேட்டில் வராத இரண்டு சங்கதிகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று பூட்டு. நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் சர்வர்களில் பதிந்து வைத்திருக்கும். குத்தகை முடிந்தபோது அதை நீக்க மறந்திருந்தால், விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாக நிறுவினாலும், இணையத்தில் இணைந்த மறுகணம் பழைய நிறுவனத்தின் நுழைவுத் திரை வந்து நிற்கும். அதை நீக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். மற்றது சார்ஜர். 2016இல் யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்ததில் மூன்றே மூன்று தேறின. வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும் நம் கை படும் பக்கத்துக்கும் இடையே விடவேண்டிய சில மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் போலிகள் மிச்சம் பிடிக்கின்றன. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் தப்பிக்கிற குறை நம் வீட்டு 230 வோல்ட்டில் தப்பிக்காது. சார்ஜரை மட்டுமாவது உள்ளூரில் அசலாக வாங்குவது நல்லது.

இவ்வளவு சிரமத்துக்குப் புதிதே வாங்கிவிடலாமே என்று தோன்றும். பணம் இருப்பவருக்கு அது சரி. ஆனால் ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் வெளியிடும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அது செய்யப்படும்போதே வெளியாகிவிடுகிறது, நாம் பயன்படுத்தும் மின்சாரத்தால் வருவது மீதிதான். 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டது 22.3 சதவீதம். நல்ல நிலையில் உள்ள கணினி இன்னும் நான்கு வருடம் உழைத்தால், அந்தக் குவியலுக்குப் போகாமல் ஒரு பொருள் தப்பிக்கிறது. இந்தியாவில் இருந்து வாங்குபவர் சட்டத்தையும் கவனிக்கவேண்டும். 2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, இணைய வணிகத்தில் வாங்கி அஞ்சல், கூரியர் வழி வரும் ஒற்றைக் கணினிக்குத் தீர்வை கட்டும் நிபந்தனையோடு விலக்கு தரப்பட்டது. பயன்படுத்திய மின்னணுப் பொருட்களுக்கான கட்டுப்பாடு தனி, அதிகக் கண்டிப்பானது. சுங்கத்தில் நின்றுபோன பார்சலுக்கு எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது.

கடைசியாக ஓர் ஐயம்: எங்கோ ஹாங்காங்கிலோ டெக்சஸிலோ இருக்கும் விற்பனையாளர், முகம் தெரியாத ஒருவர் கேட்டார் என்பதற்காக இதையெல்லாம் படம் எடுத்து அனுப்புவாரா? கேட்கவேண்டியது மூன்று படங்கள்: பேட்டரி ரிப்போர்ட், ஸ்மார்ட் பட்டியல், இணையத்தில் இணைத்து முதல் அமைப்பு முடிந்த பின் தெரியும் திரை. ஒவ்வொரு படத்திலும் அன்றைய தேதி கையால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் பக்கத்தில் இருக்கவேண்டும், வேறு கணினியின் பழைய படத்தை அனுப்பிவிடாமல் இருக்க. பத்து நிமிட வேலை. 1981இல் பொருளியலாளர்கள் கிராஸ்மனும் மில்க்ரமும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இதில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துவிட்டன. பேட்டரியில் 92 சதவீதம் வைத்திருப்பவர் உடனே காட்டுவார், காட்டுவதால் அவருக்கு விலை கூடுகிறது. அவர் காட்டிவிட்டதால், 85 வைத்திருப்பவர் சும்மா இருந்தால் மோசமானவர்களோடு சேர்த்து எண்ணப்படுவார், அவரும் காட்டுவார். அதன்பின் 78 வைத்திருப்பவர். இப்படியே படி இறங்கிக்கொண்டே போகும். சில மறுவிற்பனைச் சந்தைகள் எண்பது சதவீதத்துக்குக் குறையாத பேட்டரி என்று உறுதி தரத் தொடங்கியிருப்பது இந்தப் படிகளில் ஒன்று. கேட்பவர்கள் கூடக் கூட, பதில் சொல்லாமல் ‘நன்றாக வேலை செய்கிறது, கவலை வேண்டாம்’ என்று மட்டும் எழுதுபவரின் கணினிக்குள் என்ன எண் இருக்கும் என்று படம் பார்க்காமலே சொல்லிவிடலாம்.